ஒரு நேரத்தில் ஒரு குரல்

என் அக்காவை வேலையிடத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவள் ‘கன்ட்ரோல்’. உயரமான கட்டடங்கள் கட்டும் கம்பெனியில் அவளுக்கு வேலை. டவர் கிரேனுக்குக் கீழே நின்று, கையில் வாக்கி-டாக்கியை வைத்துக்கொண்டு, ஏற்று, இறக்கு, திருப்பு, போதும் என்று மேலே இருக்கும் ஆபரேட்டருக்குச் சொல்ல வேண்டும். கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பவருக்குக் கொக்கியின் அடியில் என்ன நடக்கிறது என்பது பாதி நேரம் தெரியாது. கட்டடத்தின் பின்பக்கம் சுமை இறங்கினால் சுத்தமாகத் தெரியாது. கீழே நிற்பவர் சொல்வதுதான் அவருக்குக் கண். அப்படி அக்கா யாருக்குக் கண்ணாக இருந்தாளோ, அந்த ஆபரேட்டர்தான் பின்னால் எனக்கு மாமா ஆனார்.

அவள் முதலில் சேர்ந்தது ஸ்டோர் ரூமில், ஹெல்மெட்டும் கையுறையும் எடுத்துக் கொடுக்கத்தான். ஒருநாள் கம்பிக் கட்டு அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தபோது சிக்னல் கொடுக்கிறவருக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. மனிதர் வாக்கி-டாக்கியைப் பக்கத்தில் நின்ற அக்கா கையில் திணித்துவிட்டு ஓடியே போய்விட்டார். மேஸ்திரி தலையில் கை வைத்துக்கொண்டார். அக்கா கம்பிக் கட்டை ஒரு பார்வை பார்த்தாள். “இறக்கு. இன்னும் ஒரு ஆள் உயரம். இன்னும் இடுப்பு உயரம். இன்னும் முழங்கால். போதும்” என்றாள். தூங்குகிற குழந்தையைப் படுக்கவைத்த மாதிரி கட்டு தரையில் உட்கார்ந்தது. ஓடினவர் திரும்பி வந்தபோது அவர் வேலை போயிருந்தது. அக்காவின் இடத்தில் அவரை ஸ்டோருக்கு அனுப்பிவிட்டார்கள்.

அவளுக்கு இனிமையான குரல் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். அவள் பாட ஆரம்பித்தால் வீட்டில் ஆளுக்கு ஒரு அவசர வேலை வந்துவிடும். ஆனால் அந்தக் குரல் பதறாது. தலைக்கு மேல் டன் கணக்கில் இரும்பு தொங்கும்போதும், கடையில் உப்பு கேட்கிற குரலில்தான் பேசுவாள். மாமா பல மாதம் அந்தக் குரலை மட்டும்தான் அறிவார். மேலிருந்து பார்த்தால் ஒரு மஞ்சள் ஹெல்மெட் தெரியும், அவ்வளவுதான்.

ஒரு மதியம் அவர் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, “கன்ட்ரோல், சாப்பிட்டாச்சா?” என்று கேட்டுவிட்டார். வாக்கி-டாக்கியில் பேசினால் அதே சேனலில் இருக்கிற எல்லோருக்கும் கேட்கும் என்பது அந்த நேரத்தில் அவருக்கு மறந்துவிட்டது. காங்கிரீட் கலக்குகிறவர், லிஃப்ட் ஓட்டுகிறவர், கேட் வாட்ச்மேன் என்று ஒவ்வொருவராக, “சாப்பிட்டாச்சுங்க, நீங்க?” என்று பதில் சொன்னார்கள். எல்லோரும் சொல்லி முடித்த பிறகு அக்கா, “சேனலைச் சும்மா அடைக்காதீங்க” என்றாள். கொஞ்ச நாளிலேயே கல்யாணம் ஆகிவிட்டது. இன்றைக்கும் இந்தக் கதையை எடுத்தால் மாமாவுக்குக் காது சிவந்துவிடும். நான் எடுக்காமல் விடுவேனா?

அவ்வளவு பெரிய கிரேனை விரல் நுனியில் ஆட்டுகிற மனிதருக்கு, தரையில் ஒரு காரைப் பின்னால் எடுக்க வராது. அக்கா இறங்கி நின்று, “வாங்க, வாங்க, இன்னும் முழங்கால் தூரம், போதும்” என்று சொன்னால்தான் வண்டி ஷெட்டுக்குள் போகும். எதிர்வீட்டுக்காரர் காபி டம்ளரோடு வந்து நின்று வேடிக்கை பார்ப்பார். மாமாவுக்கு அதில் துளி வெட்கம் கிடையாது. “என் வேலையே அவ சொல்றதைக் கேக்கிறதுதானே” என்பார்.

போன வருஷம் அக்காவின் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பயப்படுகிற மாதிரிக் கட்டி இல்லை என்று டாக்டர் சொன்னபோது நான் அழுத அழுகைக்கு, நர்ஸ் நோயாளியை விட்டுவிட்டு என்னைப் பிடித்து உட்காரவைத்தார். ஆனால் ஆபரேஷனில் குரலுக்குப் போகிற நரம்பு அடிபட்டுவிட்டது. பேசினால் தகரத்தில் மணலைத் தேய்த்த மாதிரி வந்தது. பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மாள் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: “பேசப் பேசத்தான் வரும். பேசாம விட்டுட்டீங்கன்னா இருக்கிறதும் போயிடும். ஆறட்டும், அப்புறம் பாத்துக்கலாம்னு மட்டும் இருந்துடாதீங்க.”

அக்கா பேசத்தான் பார்த்தாள். வீட்டுக்கு வந்த சில நாளில், குழாய் ரிப்பேருக்கு ஆள் அனுப்பச் சொல்லி ஒரு கம்பெனிக்குப் போன் செய்தாள். விலாசத்தை முழுக்கச் சொல்லி முடித்தாள். எதிர்முனையில் இருந்த பெண், “சரிங்க சார், ஆள் வரும்போது வீட்டுல லேடீஸ் யாராவது இருப்பாங்களா சார்?” என்று கேட்டது. அந்தப் பெண் என்ன செய்யும், பாவம். அக்கா போனை மெதுவாக வைத்தாள். அதோடு வாயையும் மூடிக்கொண்டாள்.

அன்று மூடினதுதான். வேண்டியதைக் கையாலும் கண்ணாலும் சொல்வாள். பயிற்சிக்குப் போகச் சொன்னால் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொள்வாள். நான் பிறவி வாயாடி. எங்கள் குடும்பத்தில் என் வாய்க்கு ஈடு கொடுக்கிறவள் அவள் ஒருத்திதான். நான் சண்டைக்கு இழுத்தால் பதிலுக்கு ஒரு வார்த்தையாவது வரும் என்று, அவள் சமையலை வாய்க்கு வந்தபடி குறை சொல்லிப் பார்த்தேன். என் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பசியோடு போனதுதான் மிச்சம்.

மாமா இன்னும் மோசம். கிரேனுக்குக் கீழே வேறு ஒருவரைப் போட்டார்கள். நல்ல மனிதர்தான், அனுபவம் உள்ளவர்தான். மாமா நீண்ட லீவு போட்டுவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டார். “அவர் ‘இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்’ங்கறாரு. கொஞ்சம்னா எவ்வளவு? எனக்குச் சுமையை இறக்கவே பயமா இருக்கு” என்றார். காரின் பின்பக்கம் கேட் தூணில் இடித்து நசுங்கிக் கிடந்தது. எதிர்வீட்டுக்காரர்கூட இப்போதெல்லாம் வெளியே வருவதில்லை.

எங்கேயாவது கூட்டிக்கொண்டு போய் வாருங்கள் என்று டாக்டர் சொன்னதும் நான் பிடித்துக்கொண்டேன். எங்களுக்கு அரை நாள் ஓட்டத்தில் மலையில் ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. காரிலேயே சுற்றிப் பார்க்கலாம். அதற்கென்று போனில் ஓர் ஆப் உண்டு. வண்டி எந்த இடத்தில் போகிறது என்று அதுவே தெரிந்துகொண்டு, எங்கே திரும்ப வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும், என்ன பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வரும். மலையில் டவர் கிடைக்காது என்று வீட்டிலேயே எல்லாவற்றையும் இறக்கி வைத்துக்கொண்டேன். சொல்வதற்கு ஒரு குரல் இருந்தால் மாமா ஓட்டிவிடுவார். என் கணக்கு அவ்வளவுதான். எனக்கு அருவியும் வேண்டாம், சிகரமும் வேண்டாம். அந்த வண்டிக்குள் ஏதாவது ஒரு பேச்சுச் சத்தம் இருந்தால் போதும் என்றிருந்தது.

மாமா ஸ்டியரிங்கில், இடதுபக்கம் அக்கா, பின்சீட்டில் நானும் என் பிளாஸ்டிக் பைகளும். மலை ஏறினால் எனக்கு வயிறு நிற்காது. பூங்கா வாசலைத் தாண்டியதும் ஓர் இளைஞரின் குரல் எழுந்தது. “அன்பான பயணிகளே, வணக்கம். இந்த மலை உங்களை வரவேற்கிறது.” செய்தி வாசிக்கிறவர்கூட அவ்வளவு திருத்தமாகப் பேச மாட்டார்.

“வணக்கம் தம்பி” என்றார் மாமா.

“அடுத்த வளைவைக் கடந்ததும் இடதுபுறம் வண்டி நிறுத்துமிடம் உள்ளது. அங்கே நிறுத்தி, இறங்கிப் பாருங்கள்.”

“வளைவு தாண்டி லெஃப்ட், நிறுத்தணும், சரி.”

கிரேனில் இருப்பவர்களுக்கு இது பழக்கம். கீழிருந்து சொன்னதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் நெம்புகோலில் கை வைப்பார்கள். மாமா அந்த ஆப் தம்பிக்கும் ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொன்னார். அதோடு விட்டாரா? வழியில் ஒரு போர்டைப் பார்த்துவிட்டு நான், “மாமா, அந்த ரைட் ரோட்டுல போனா பாத்ரூம் இருக்காம், திருப்புங்களேன்” என்றேன். வண்டி நேராகப் போனது.

“மாமா, உங்களைத்தான்.”

“ஒரு நேரத்துல ஒரு குரல்தான்மா. ரெண்டு பேர் வழி சொன்னா சுமை யார் தலையிலயாவது விழும். இப்ப தம்பிதான் சிக்னல்.”

“சுமை இப்ப என் வயித்துலதான் இருக்கு.”

ஒரு பலனும் இல்லை. ஆப் தம்பிக்கு எப்போது மனம் வந்து நிறுத்தச் சொன்னாரோ, அப்போதுதான் எனக்கு விடுதலை கிடைத்தது.

“இப்போது வலதுபுறம் பாருங்கள். வெள்ளியை உருக்கி ஊற்றியது போல ஓர் அருவி” என்றார் அவர் இன்னோர் இடத்தில். மாமா வண்டியை மெதுவாக்கிவிட்டுப் பணிவாக வலதுபுறம் பார்த்தார். தண்ணீர் வற்றிப்போன பாறை. அதன் நடுவில் ஒரு காட்டாடு எதையோ மென்றுகொண்டு எங்களைப் பார்த்தது. “அருவி இல்லை தம்பி, ஆடுதான் நிக்குது” என்றார் மாமா. முன்சீட்டில் அக்காவின் தோள் குலுங்கியது. சத்தம் வரவில்லை. ஆனால் சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று எனக்குத்தான் தெரியும். அந்த ஆட்டுக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

உச்சியில் ஒரு கல் மேடையில் உட்கார்ந்து ரொட்டியும் வாழைப்பழமும் தின்றோம். மலை மலையாய்ப் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் எது மலை, எது மேகம் என்று பிரிக்க முடியவில்லை. அக்கா ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு தின்னாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வாய் லேசாகத் திறந்தது. எங்கள் இருவருக்கும் மூச்சு நின்றது. பிறகு அவள் ரொட்டியைக் கடித்தாள்.

மறுபக்கம் இறங்கத் தொடங்கியதும் மூடுபனி வந்தது. வந்தது என்றுகூடச் சொல்ல முடியாது, நாங்கள்தான் அதற்குள் போய் விழுந்தோம். காரின் மூக்கு நுனிக்கு அப்பால் எல்லாம் வெள்ளை. ஆப் தம்பி கொஞ்சமும் அசரவில்லை. “இதோ, உங்கள் கண்முன்னே ஏழு சிகரங்கள் விரிகின்றன” என்றார். எனக்கோ அதற்குள் வயிறு புரட்ட ஆரம்பித்துவிட்டது. பைக்குள் தலையை விட்டுக்கொண்டு குனிந்திருந்தேன்.

“சற்று மெதுவாகச் செல்லுங்கள். இப்போது இடதுபுறம் திரும்புங்கள். இந்தப் பள்ளத்தாக்கின் மிக அழகான காட்சிமுனை இங்கேதான்.”

“மெதுவா, லெஃப்ட் திரும்பணும், சரி” என்றார் மாமா. வண்டி இடதுபக்கம் ஒடித்துத் திரும்பியது.

“நிப்பாட்டு.”

தகரத்தில் மணலைத் தேய்த்த குரல். வண்டி குலுங்கி நின்றது. என் தலை முன்சீட்டில் போய் முட்டியது. நிமிர்ந்தபோது அக்கா கண்ணாடிப் பக்கம் சாய்ந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். பனி கொஞ்சம் விலகியது. காட்சிமுனை என்று சொன்ன இடத்தில் பாதிதான் மிச்சம். மழையில் சரிந்து போயிருக்க வேண்டும். மிச்சப் பாதியின் குறுக்கே ஒரு கயிறு, அதில் நைந்த சிவப்புத் துணி. கயிற்றுக்கு அப்பால் தரை இல்லை. எங்கள் காரின் மூக்கு கயிற்றைத் தொட்டுக்கொண்டு நின்றது. ஆப் தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். அவர் பேசிப் பதிவு செய்த காலத்தில் அங்கே தரை இருந்திருக்கும்.

கிரேன் வேலையில் இன்னொரு விதி உண்டு. வழி சொல்வது ஒரே ஆள்தான். ஆனால் நிப்பாட்டு என்பதை மட்டும் யார் சொன்னாலும், தெருவில் போகிறவர் சொன்னாலும், ஆபரேட்டர் ஏன் என்று கேட்காமல் நிறுத்திவிட வேண்டும். மாமா நிறுத்திவிட்டார். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நேரே வெள்ளையைப் பார்த்தபடி, “நிப்பாட்டியாச்சு” என்று திருப்பிச் சொன்னார்.

ஆப் தம்பி காட்சிமுனையின் அழகை வருணித்துக்கொண்டே இருந்தார். நான் கையை நீட்டிப் போனை அணைத்தேன். எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. அக்கா கையை ஆட்டிப் பின்னால் எடுக்கச் சொன்னாள். மாமா திரும்பவே இல்லை.

“மாமா, அக்கா பின்னாடி எடுக்கச் சொல்றா.”

“யார் நிப்பாட்டினாங்களோ, அவங்கதான் எடுன்னு சொல்லணும். வாயால சொல்லணும்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. முன்னால் பள்ளம் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது. இந்த மனிதர் சட்டம் பேசுகிறார். அக்காவுக்கும் பற்றிக்கொண்டு வந்தது. அவர் தோளில் ஓங்கி ஓர் அடி போட்டாள். மாமா அசையவில்லை. அப்போதுதான் ஸ்டியரிங்கில் இருந்த அவர் கைகள் வெடவெடவென்று நடுங்குவதைப் பார்த்தேன். அந்த நடுக்கத்தோடுதான் காத்துக்கொண்டிருந்தார். இந்த இடத்தை விட்டால் அவள் வாயிலிருந்து இன்னொரு வார்த்தை எப்போது வருமோ என்கிற பயம், பள்ளத்தைவிடப் பெரிதாக இருந்திருக்கிறது அவருக்கு. என் கோபம் போன இடம் தெரியவில்லை.

“சொல்லு கன்ட்ரோல்” என்றார் மெதுவாக. “எனக்குப் பின்னாடி ஒண்ணுமே தெரியலை.”

அக்கா கழுத்துத் தழும்பின் மேல் கையை வைத்துக்கொண்டாள். கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, பின்பக்கம் பார்த்தாள்.

“பின்னாடி வா.” குரல் உடைந்தது. இருமினாள். மறுபடி சொன்னாள். “நேரா வா. ரோடு காலியாத்தான் இருக்கு. இன்னும் ஒரு ஆள் நீளம். இன்னும் முழங்கால். போதும். இப்ப ரைட்ல ஒடி.”

“ரைட், சரி” என்றார் மாமா. அவர் கன்னத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. துடைக்கவில்லை, இரண்டு கையும் வேலையில் இருந்தன.

மலை அடிவாரம் வரை அவள்தான் சொன்னாள். கரகரவென்று, நடுவில் காற்றாகிப்போய், தண்ணீர் குடித்து, இருமி, மறுபடியும். இடதுபக்கம் பாறை, ஒரு கை அகலம் தள்ளி வா. எதிரில் வெளிச்சம், நில்லு. போய்விட்டது, வா. நான் போனை மறுபடி போடவில்லை. அந்த வழியில் இன்னும் எத்தனையோ அழகான இடங்கள் இருந்திருக்கும். நாங்கள் எதையும் பார்க்கவில்லை. பின்சீட்டில் நான் அழுதேனா, வாந்தி எடுத்தேனா என்று கேட்டால், இரண்டும்தான்.

கீழ் வாசலுக்கு வந்தபோது பனி விலகியிருந்தது. சின்ன அறைக்குள் வயதான காவலர் ஒருவர் இருந்தார். மாமா கண்ணாடியை இறக்கினார். “எல்லாம் பார்த்தீங்களா? நல்லா இருந்துதா?” என்று வழக்கமாகக் கேட்கிறதைக் கேட்டார் அவர்.

அக்கா மாமாவைத் தாண்டி எட்டி, “மேல காட்சிமுனை ஒண்ணு சரிஞ்சு கிடக்கு” என்றாள்.

காவலர் காதுக்குப் பின்னால் கையைக் குவித்தார். “என்னம்மா? கேக்கலை.”

மாமா அவளுக்குப் பதிலாகச் சொல்ல வாயைத் திறந்தார். நானும் திறந்தேன். என்ன தோன்றிற்றோ, இருவருமே மூடிக்கொண்டோம். அக்கா எங்கள் இருவரையும் பார்த்தாள். பிறகு பெல்ட்டைக் கழற்றினாள். கதவைத் திறந்து இறங்கினாள். காரின் முன்பக்கமாகச் சுற்றி நடந்து போய், அந்த அறையின் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“மேலேர்ந்து இறங்குற ரோட்டுல, இடதுபக்கம் ஒரு காட்சிமுனை சரிஞ்சு போச்சு. கயிறுதான் கட்டியிருக்கு. பனியில கண்ணுக்குத் தெரியாது. எங்களுக்குப் பின்னாடி வண்டிங்க வந்துட்டிருக்கு. உடனே ஆளை அனுப்பி ரோட்டை மறிக்கச் சொல்லுங்க.” தொண்டையிலிருந்த எல்லாவற்றையும் திரட்டிச் சொன்னாள். வரிசையில் நின்ற கார்களில் இருந்தவர்கள் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. காவலர் பாதியிலேயே எழுந்துவிட்டார். மேஜை மேலிருந்த லேண்ட்லைன் போனை எடுத்து, அவள் சொன்னதை அப்படியே மேலே இருப்பவர்களுக்குச் சொன்னார். “எந்த வளைவுக்குப் பக்கத்துலம்மா?” என்று நடுவில் அவளிடம் கேட்டார். அதையும் சொன்னாள்.

இப்போது அக்கா பயிற்சிக்குப் போகிறாள். பழைய குரல் வரவில்லை, வராது என்றுதான் பயிற்சி அம்மாளும் சொல்கிறார். இந்தக் கரகரப்பு போதும், அவள் வரும்வரை ‘இன்னும் கொஞ்சம்’காரரைச் சமாளித்துக்கொள்கிறேன் என்று மாமா வேலைக்குத் திரும்பிவிட்டார். அக்கா அடுத்த மாதம் போகிறாள். என்னோடு சண்டையும் போடுகிறாள், வட்டியும் முதலுமாக. டாக்டருக்கும், பயிற்சி அம்மாளுக்கும், அந்த ஆப் தம்பிக்கும்கூட நான் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் எல்லோரையும்விட அந்தக் காவலருக்குத்தான் நான் கடமைப்பட்டிருக்கிறேன். அவருக்கு முதல் தடவையிலேயே காது கேட்டிருந்தால், என் அக்கா காரை விட்டு இறங்கியிருக்கவே மாட்டாள்.